உயிரியல் ஆர்வத்தை அளக்க எது தோது: வினாப்பட்டியலா, நேர்காணலா, விருப்பத் தேர்வுப் பதிவா?

பாளையங்கோட்டையில் பி.எட். படிக்கும் இயற்பியல் பட்டதாரி, நாளை பட்டதாரி ஆசிரியராகும்போது ஒளிவிலகலோடு நின்றுவிட முடியாது. பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம். அட்டையின் உடலமைப்பையும் மெண்டலின் பட்டாணிச் செடியையும் அவரேதான் நடத்த வேண்டும். அவருக்கு உயிரியலில் நாட்டம் உண்டா என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே அறிந்தாக வேண்டும்.

கல்லூரிகள் வழக்கமாக நாடுவது வினாப்பட்டியல். 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் தந்த அளவுமுறை. 'முற்றிலும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை பெரும்பாலும் ஐந்து படிகள். நூறு பேரிடம் அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம், பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். சிக்கல் கேள்வியில் இருக்கிறது. 'உயிரியல் சமூகத்துக்குப் பயன்படுகிறது' என்றால் யார் மறுப்பார்? அது கருத்து. 'பாடத்தில் இல்லாததையும் தேடிப் படிக்கிறேன்' என்பதுதான் ஆர்வத்தைத் தொடுகிறது. க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற நம்பகத்தன்மை எண் 0.9 வந்துவிட்டது என்று மகிழ்வதிலும் பொருளில்லை. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அந்த எண் சொல்லும். அவை ஆர்வத்தைத்தான் அளக்கின்றனவா என்பதைச் சொல்லாது. மொத்த மதிப்பெண்ணும் ஏமாற்றும். மனித உடலை விரும்பிப் படிப்பவர் தாவரவியலில் சலித்துப்போகலாம். தாவரம், விலங்கு, மனித உடல், நுண்ணுயிர், மரபியல் என்று தனித்தனியே கூட்டினால்தான் எங்கே உதவி தேவை என்று தெரியும்.

நேர்காணல் காரணங்களை வெளிக்கொணரும். ஆனால் அகமதிப்பெண் போடும் பேராசிரியரே கேட்டால், உண்மை வாய்வரை வந்து திரும்பிவிடும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது: விருப்பம்போல் எடுக்கவிட்டு, எதை எடுத்தார்கள் என்று பதிவது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப்போனால், கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டும் மஞ்சள் மூக்கு நாரையைப் பார்த்து எல்லோரும்தான் வியப்பார்கள். இது சூழல் தூண்டிய ஆர்வம். கல்வி உளவியலாளர்கள் ஹிடியும் ரெனிங்கரும் 2006இல் விளக்கிய ஆர்வ வளர்ச்சியின் நான்கு கட்டங்களில் இது முதற்கட்டம். யாரும் சொல்லாமலே ஒரு மாதம் கழித்து திருநெல்வேலி நயினார்குளக்கரையில் பறவைகளை எண்ணிக் குறிப்பவரிடம்தான் அது வேர்பிடித்திருக்கிறது.

இதிலும் ஓர் அநியாயம் நேரலாம். மாலையில் கடைக்கணக்கு எழுதப் போகிறவரும், ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்ணும் குளக்கரைக்கு வர இயலாது. அவர்களை ஆர்வமில்லாதவர் என்று எழுதுவது கொடுமை. ஆகவே, கல்லூரி நேரத்துக்குள்ளேயே மூன்று மேசைகள் போடுங்கள்: நுண்ணோக்கியும் குளத்துநீரும், முளைவிட்ட விதைகள், மின்சுற்று. எங்கே தாமாக உட்கார்கிறார்கள், அடுத்த வாரம் எங்கே திரும்பி வருகிறார்கள் என்று குறியுங்கள். பக்கத்துணையாக, பெயர் எழுதாத வினாப்பட்டியலும் இருக்கட்டும்.

அந்தப் பதிவேடு அகமதிப்பெண்ணுக்குப் போகவே கூடாது. போகிறது என்று தெரிந்த அன்றே எல்லோரும் நுண்ணோக்கி மேசையில்தான் இருப்பார்கள்.