கெசட்டின் மறுபக்கம்: மலையகத்தில் பழைய பாட்டுத் தொகுப்புகள் கேட்கிறவர்களுக்கு

வாராவாரம் வரும் புதுப்பாட்டை விரட்டுவதை விட்டுப் பழைய கெசட்டுகளைத் துழாவினால், நல்ல சரக்கு பெரும்பாலும் ‘பி’ பக்கத்தில்தான் அகப்படும். எண்பதுகளில் இரண்டு படங்களை ஒரே கெசட்டில் சேர்த்துப் போடுவது வழக்கம். பெயர்பெற்ற படத்துக்காக வாங்கினார்கள், மறுபக்கம் தேயாமலே கிடந்தது. படப்பாட்டல்லாத தொகுப்புகளின் கதியும் அதுதான். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘நத்திங் பட் விண்ட்’ (1988) இரண்டையும் பெயரளவில் தெரிந்தவர்களே அதிகம். நம் இலங்கைப் பொப்பிசையிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் பாடியவற்றில் கல்யாண வீட்டில் போடும் ஒன்றிரண்டைத் தாண்டித் தேட வேண்டும்.

மலையகத்தில் முதல் எதிரி பூஞ்சணம். வாங்குமுன் கெசட்டின் கண்ணாடி வழியே சுருளின் ஓரத்தை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். மாவு தூவியது போல வெள்ளை தெரிந்தால் அப்படியே பிளேயரில் போடவே கூடாது. பூஞ்சணம், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கெசட்டுக்கும் போகும். வெயிலிலோ அடுப்புக்கு மேலேயோ காயவைத்தால் கூடு நெளிந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் வைத்து, பிறகு மெல்லிய உலர்ந்த துணியில் நாடாவைத் தொட்டபடி மெதுவாகச் சுற்றித் துடைக்கலாம். ஐந்து திருகாணி உள்ள கூடு என்றால் கழற்றி, சுருளை வேறு கூட்டுக்கு மாற்றுவது சுலபம். ஒட்டி மூடிய கூடு பெரிய தலைவலி.

சத்தம் மங்கி, ஏறி இறங்கினால் உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டைப் பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருக்கும். வீணான கெசட்டிலிருந்து எடுத்து மாட்டினால் போதும். பாட்டு இழுத்தால் பிளேயரின் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ஹெட்டையும் அதன் பக்கத்து உலோகத் தண்டையும் 99% ஐசோபுரோப்பைல் அல்ககோலில் துடையுங்கள். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கலாம், வேண்டாம்.

ரெக்கோடிங் பாரில் (கேட்ட பாட்டுகளைப் பதிந்து தரும் கடை) அடித்த சி-90 கெசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். நாடா சி-60ஐ விட மெல்லியது, சிக்கினால் நீண்டுவிடும். அட்டையில் எழுதியதை நம்பவும் முடியாது, கடைசிப் பாட்டு பாதியில் அறுந்திருக்கும். இவற்றை ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டு அதையே கேட்பது நல்லது. ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும். மாதிரி வீதம் (sample rate) 44.1 கிலோஹேர்ட்ஸ், உச்சச் சத்தம் −6 டெசிபலுக்குள். மடிக்கணினியின் மைக் துளையில் செருகினால் பெரும்பாலும் ஸ்டீரியோ போய் மோனோவாகி, சத்தமும் கிழியும். யூஎஸ்பி லைன்-இன் கருவி தனியாக வாங்குங்கள். ஒரு பக்கத்தை நிறுத்தாமல் பதியுங்கள், வெட்டுவதும் இரைச்சல் நீக்குவதும் பிரதியில் மட்டும்.

புதுசுதான் வேண்டும் என்பவருக்கு இதெல்லாம் வெறும் மினக்கேடு. மற்றவர்கள் ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலை மழையில் டப்பாவைத் திறக்காமலிருப்பதே உத்தமம். பதுளைக்கு அந்தக் கணக்கு டிசம்பர், ஜனவரி.