சிவப்பு வயரை நம்பி கார்பரேட்டரைப் பிரித்த கதை

கோயம்புத்தூரில் வீட்டு ஷெட்டில் பழைய மாருதி 800 இன்ஜினை வைத்து எதையாவது கட்டிக்கொண்டிருப்பவர்கள் பிளக் வயர் (ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் கொண்டுபோகும் வயர்) வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடை காந்திபுரம் பக்கம். பேர் போடவில்லை, இதே சரக்கு பல கடைகளில் தொங்குகிறது.

கார் பந்தய வீரர் கரிவர்தன் மாருதி இன்ஜினைப் போட்டு ரேஸ் கார் செய்த ஊர் இது. அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றியதுதான் மூலகாரணம். 796 சிசி, மூன்று சிலிண்டர், டிஸ்ட்ரிபியூட்டர் (கரண்டை முறை வைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் சாமான்) வைத்த பழைய இன்ஜின். சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்ததில், பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயில், டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டது. காயிலிலிருந்து வரும் நடு வயர் நீளமாகிப் போய் எக்ஸாஸ்ட் மேல் சரிந்தது. அதை மட்டும் கொஞ்சம் வெட்டித் தரச் சொல்லி முழு செட்டையும் கடையில் கொடுத்தேன்.

"குடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் ரெடியா இருக்கும்ங்க."

இருந்தது. மாட்டி ஸ்டார்ட் செய்தால் ஒரு நேரம் ஓடுகிறது, ஒரு நேரம் இருமுகிறது. மல்டிமீட்டரில் நடு வயரை வைத்தேன். ஆட்டினால் சில கிலோ ஓம், விட்டால் தொடர்பே இல்லை. கம்பெனி வயருக்குள் செம்பு கிடையாது, கரி ஏற்றிய நூல்தான். ரப்பரை அரை அங்குலம் உரித்து, நூலைப் பின்னால் மடக்கி உறை மேல் படுக்க வைத்து, அதன் மேல் டெர்மினலைப் போட்டு அதற்கென்று உள்ள டூலில் அழுத்த வேண்டும். இவர்கள் கட்டிங் பிளேயரில் நசுக்கியிருந்தார்கள். நூல் உள்ளேயே அறுந்துவிட்டது.

திரும்பப் போனேன். "கார்பன் வயர் அப்படித்தானுங்க. ரேசிங் வயர் போட்டுக்குங்க, சிலிக்கான், எட்டு எம்எம்." பளபளவென்று சிவப்பு. செட் 1,600 ரூபாய். பழைய செட்டை "இருக்கட்டுங்க, நாங்களே குப்பைல போட்டுடறோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். கொடுத்துவிட்டு வந்தேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஐடிலில் பஞ்சு மாதிரி ஓடியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் மிஸ்ஸிங். இன்ஜின் சுற்று வேகம் காட்டும் டேக்கோ மீட்டர் முள் 2,000க்கும் 5,000க்கும் தாவியது. நான் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைச் சந்தேகப்பட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றேன். ஜெட் எல்லாம் கழுவியாயிற்று, புது பிளக்கும் போட்டாயிற்று. கடைசியில் ஒரு ராத்திரி மச்சான் ஷெட் லைட்டை அணைத்துவிட்டு ரேஸ் பண்ணச் சொன்னான். மூன்றாவது சிலிண்டர் வயர் ஹெட்டை உரசும் இடத்தில் சடசடவென்று நீலப் பொறி. இழுவை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், பிளக் முனையைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். உறை மட்டமாக இருந்தால் கரண்ட் சுலபமான வழியில் வெளியே ஓடிவிடும். அதனால்தான் ஐடிலில் நல்ல பிள்ளையாக நடித்திருக்கிறது.

வயரை வெட்டிப் பார்த்தேன். உள்ளே தலைமுடி கனத்தில் ஏழெட்டு செம்புக் கம்பி, மீட்டரில் ரெசிஸ்டன்ஸ் சுழியம். முள் தாவியதற்கும் அதுதான் காரணம்: தடையில்லாத வயர் ரேடியோ ஸ்டேஷன் மாதிரி இரைச்சலை வாரி இறைக்கும். உறையில் ஒரு துண்டைச் சீவி தீக்குச்சியில் காட்டினேன். சிலிக்கான் எரிந்தால் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். இது உருகி, கறுப்பாகச் சொட்டி, மூக்கை அரிக்கிற புகை விட்டது. சாதா பிவிசி. மேலே அச்சடித்திருந்த "சிலிக்கான்" என்ற எழுத்து நகத்தால் சுரண்டினாலே வந்துவிட்டது.

கடையில் கேட்டால், "எலக்ட்ரிக் சாமானுக்கு ரிட்டர்ன் இல்லைங்க." பழைய செட்டாவது கொடுங்கள் என்றேன்; குப்பைக்குப் போயாச்சாம். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம் என்றால் என் கையில் இருப்பது "வயர் - 1" என்று எழுதிய துண்டுச் சீட்டுதான். பில் கேட்காதது என் தப்பு.

இப்போது மீட்டரோடுதான் கடைக்குப் போகிறேன். கவுன்டரிலேயே ஒவ்வொரு வயரையும் வளைத்து, ஆட்டி, அளந்து பார்ப்பேன். ஒரு கடைக்காரர் முறைத்தார், இன்னொருவர் தானே பிடித்துக் காட்டினார். அவரிடம்தான் கம்பெனி செட் வாங்கினேன், பில்லோடு. நடு வயர் மறுபடி நீளம்தான். இந்த முறை வயரை வெட்டவில்லை. காயிலைத் தள்ளி வைத்தேன். ஒரு பட்டை, இரண்டு போல்ட், அரை மணி நேர வேலை.