வெளிச்சமா, இடைவெளியா? பிரபஞ்சத் தூரத்துக்கு இரண்டு கணக்குகள்

காவலூர் வானாய்வகம் பார்க்க வரும் வேலூர்ப் பிள்ளைகள், 'அவ்வளவு தூரத்தை எப்படி அளப்பாங்க?' என்று கேட்டால் நான் மலைப்பாதையைத்தான் காட்டுவேன். ஆலங்காயம் பக்கமிருந்து இரவில் ஏறிவரும் லாரியின் தூரத்தை அதன் விளக்கு வெளிச்சத்தை வைத்துச் சொல்லலாம். இரண்டு விளக்குக்கும் நடுவில் தெரியும் இடைவெளியை வைத்தும் சொல்லலாம். பனி இறங்கினால் வெளிச்சக் கணக்கு ஏமாற்றும், லாரி இன்னும் தள்ளி இருப்பதாகத் தோன்றும். இடைவெளி ஏமாற்றாது.

வானத்தில் வெளிச்சக் கணக்குக்கு உதவுவது 'ஒன்று-ஏ' வகை சூப்பர்நோவா, அதாவது ஏறக்குறைய ஒரே அளவு பிரகாசத்தோடு வெடிக்கும் விண்மீன். பல நூறு கோடி ஒளியாண்டு தாண்டியும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தூரம் கிடைக்கும். ஆனால் வழியில் தூசி இருந்தால் சிக்கல். சூப்பர்நோவாவின் உண்மையான பிரகாசத்தை அறிய, செஃபீட் எனப்படும் துடிக்கும் விண்மீன்களையும் நம்ப வேண்டும்; துடிக்கும் காலத்தை வைத்து அவற்றின் பிரகாசத்தைச் சொல்லும் விதியை ஹென்றியெட்டா லெவிட் 1912-ல் கண்டார்.

இடைவெளிக் கணக்குக்கு, இளம் பிரபஞ்சத்தில் ஓடிய ஒலியலைகளின் தடம். விண்மீன் மண்டலங்கள் சுமார் 49 கோடி ஒளியாண்டு இடைவெளியில் சற்றே அதிகமாக அமைந்திருக்கின்றன. தூசி இதைப் பெரிதாகப் பாதிக்காது. ஆயிரக்கணக்கான மண்டலங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தடமே தெரியும், அது ஒரு குறை. 2005-ல்தான் அது தெளிவாகக் கிடைத்தது.

சரி, இரண்டும் ஒத்துப்போகிறதா? 1933-ல் எதரிங்டன் என்ற கணிதவியலாளர் தந்த விதி இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் வழியில் இரு மடங்கு நீண்டிருந்தால், வெளிச்சத் தூரம் இடைவெளித் தூரத்தைப்போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். மூன்று மடங்கு நீண்டால் ஒன்பது. வழியில் ஒளி தொலைந்தால் இந்த விகிதம் கூடிவிடும். இதுவரை நடந்த சோதனைகளில், பிழை எல்லைக்குள் விதி நிற்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் அடிப்படை அளவில் சண்டை தீரவில்லை. செஃபீட் வழியாக வரும் சூப்பர்நோவா கணக்கில் விரிவு வேகம் ஒரு மெகாபார்செக்குக்கு (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு) நொடிக்கு 73 கிலோமீட்டர். இளம் பிரபஞ்சத்தின் இயற்பியலிலிருந்து ஒலித்தடத்தின் நீளத்தை எடுத்தால் 67, 68. தூசியை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இடைவெளிக்குத்தான். இந்தச் சண்டையில் மட்டும் இரண்டையும் சாராத நீராவி மேசர்களைத்தான் (லேசர் போல ரேடியோ அலை வீசும் விண்வெளி நீராவி) நம்புவேன். கருந்துளையைச் சுற்றும் வாயுவின் வேகத்தையும் சுற்றுப்பாதையையும் அளந்து, வெறும் வடிவியலால் தூரம் சொல்லும் முறை இது. அதில் 2020-ல் வந்த விடை 73.9, பிழை 3. எந்தப் பக்கத்தையும் உறுதியாக வீழ்த்த அந்தப் பிழை இன்னும் சுருங்க வேண்டும்.