குயவனும் பெருவெடிப்பும்

திருகோணமலைக் கோணேசர் கோயிலில் மாலைப் பூசை முடிந்து சுவாமி மலையின் விளிம்பில் நிற்கும்போது, கீழே கடல் இருண்டுவர, மேலே விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன. இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி அங்கே தானாகவே எழுகிறது.

சைவ சித்தாந்தம் குடத்தை உவமையாகக் காட்டுகிறது. களிமண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இறைவனே குயவன், உலகின் மூலப்பொருளான மாயையே மண். இல்லாததிலிருந்து உலகம் தோன்றியதாக அது சொல்லவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அறிவியலோ மண்ணையும் சக்கரத்தையும் ஆராய்கிறது. விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ற வேகத்தில் விலகுவதை 1929 இல் வானியலாளர் ஹபிள் காட்டினார். வானெங்கும் பரவியுள்ள நுண்ணலைக் கதிர்வீச்சைப் பென்சியாசும் வில்சனும் 1965 இல் அறிவித்தனர். ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலவிய பெருவெப்பத்தின் எச்சமான அக்கதிர்வீச்சு, இன்று 2.7 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்திருக்கிறது. ஆதியில் உருவான ஈலியத்தின் அளவும், பிரபஞ்சம் பெருவெப்ப நிலையிலிருந்து விரிந்தது என்னும் பெருவெடிப்புக் கோட்பாட்டின் கணிப்போடு பொருந்துகிறது. பிரபஞ்சம் எவ்வாறு உருவானது என்பதற்கு இவ்விளக்கமே வலிமையானது என்று தயக்கமின்றிச் சொல்வேன். அளந்து சரிபார்க்கவும், தவறெனில் கைவிடவும் அது இடம் தருகிறது.

இயற்கை விதிகள் ஏன் இருக்கின்றன என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை. குயவனைப் பற்றிய பேச்சு அங்கேதான் பொருள் பெறுகிறது. ஆயினும் குயவன் எங்கிருந்து வந்தான் என்றால், அவன் அநாதி என்பதே சைவத்தின் பதில்.

பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927 இலேயே எழுதிய இயற்பியலாளர் லெமெத்ரே, கத்தோலிக்கக் குருவானவர். தம் கோட்பாட்டைக் கடவுளுக்குச் சான்றாக்குவதை அவரே விரும்பவில்லை.