பவர் லிமிட்டா, புது எஸ்எம்பிஎஸ்ஸா? கேம் நடுவே ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டருக்கு எது தீர்வு

மூன்று வாரம் என்னைப் பாடாய்ப் படுத்திய கோளாறு இது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுக்கும், கேபினெட்டுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம், அடுத்து மதர்போர்டு லோகோ. நீலத்திரையும் வராது, எரரும் வராது. மற்ற வேலைகளில் ஒரு தொந்தரவும் இல்லை, கேமில் மட்டும்தான். என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு. அதற்கு மின்சாரம் தந்தது ஐந்து வருடப் பழைய 650 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை.

சூடு, ரேம் இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. யுபிஎஸ் இருந்தால் ஒருநாள் அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டு விளையாடிப் பாருங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' இருக்கும். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்த எண் எதுவும் சொல்லாது. அதன் விவரத்தில் 'பக்செக் கோட்' 0 என்று இருந்தால், விண்டோஸுக்குப் பிழையைக் குறித்துவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது மின்சாரப் பக்கம் சந்தேகப்படலாம்.

இனி இரண்டே வழி. முதலாவது, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது இழுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பை, குறைப்பது. காசு செலவில்லை, ஐந்து நிமிட வேலை. 75 சதவீதத்தில் வைத்தேன். கேமின் வேகம் குறைந்தது கண்ணுக்கே தெரியவில்லை. தினம் மூன்று முறை வந்த ரீஸ்டார்ட் வாரத்துக்கு ஒருமுறை ஆனது. ஆனால் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 3080-இன் 320 வாட் என்பது சராசரிக் கணக்கு. சில மில்லிசெகண்ட் நேரத்துக்கு அது அதைவிட எவ்வளவோ அதிகம் இழுக்கும். பவர் லிமிட் சராசரியைப் பார்த்துத்தான் கார்டை அடக்குகிறது. அது சுதாரிப்பதற்குள் அந்தத் துள்ளல் வந்து போய்விடும். எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காவிட்டால் தற்காப்புக்காக அணைந்துவிடும். கார்டுக்கு முழுச் சுமை தந்து சோதிக்கும் ஃபர்மார்க்கை அரை மணி நேரம் ஓட்டியும் என் கம்ப்யூட்டர் அசையவில்லை, ஏனென்றால் அது ஒரே சீரான சுமை. ஆனால் கேமில் லோடிங் முடிந்து காட்சி திறக்கும் அந்தக் கணத்தில் விழுந்தது. சும்மா இருந்த கார்டு ஒரே தாவலில் முழு வேகத்துக்குப் போகும் இடம் அது.

அதனால் இரண்டாவது வழிக்குப் போனேன்: ஏறத்தாழ 11,000 ரூபாய்க்கு 850 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். வாட் எண்ணைவிட நான் முக்கியமாகப் பார்த்தது ஏடிஎக்ஸ் 3.0 என்ற குறிப்பை. 2022-இல் வந்த இந்தத் தரம் இத்தகைய துள்ளல்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. 100 மைக்ரோசெகண்டுக்குத் தன் திறனைப் போல இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்கிறது. '80 பிளஸ் கோல்டு' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கு மட்டுமே சான்று. அதை நம்பித்தான் நான் பழையதை மாற்றாமல் இழுத்தடித்தேன். புதியது போட்டு நான்கு மாதம் ஆகிறது, ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை.

பவர் லிமிட் வீண் என்று சொல்ல மாட்டேன். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அதுதான் முதல் கருவி: லிமிட்டைக் குறைத்ததும் ரீஸ்டார்ட் குறைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம். 170 வாட் கேட்கும் 3060 போன்ற கார்டுக்கு அதுவே போதுமாகவும் இருக்கலாம். ஏஎம்டி கார்டுகளில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை.

செலவு செய்யும் முன் இன்னொன்று. ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு பிளக்கையும் கார்டில் சொருகியிருந்தால், தனித்தனி கேபிளாக மாற்றிப் பாருங்கள். எனக்குப் பயன்படவில்லை, ஆனால் பலருக்கு அதிலேயே சரியாகிவிடுகிறது. அப்புறம், புது எஸ்எம்பிஎஸ் போடும்போது சோம்பல்பட்டுப் பழைய மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். கேபிளின் எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் பின்கள் (pin) அமைந்திருக்கும் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தவறான கேபிள் எஸ்எஸ்டியைக்கூட எரித்துவிடும்.