'சிங்க் ஆகிவிட்டது' என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

ரவுட்டர்களுக்கு என்டிபி (நெட்வொர்க் வழியே கடிகாரங்களைச் சரியான நேரத்துக்குப் பொருத்தி வைக்கும் முறை) அமைத்துத் தருகிறோம் என்று ஒப்பந்தம் எடுத்து, அசல் வேலையைச் செய்யாமலே செய்த மாதிரி காட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்துக்கு அப்படித்தான் நடந்தது. எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை, ஆனால் எப்படிச் செய்தார்கள் என்பதை முழுசாகச் சொல்கிறேன். இதே வித்தையை யார் வேண்டுமானாலும் யாரிடமும் செய்யலாம், செய்தால் சட்டென்று கண்ணில் படாது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. எங்கள் நெட்வொர்க்கின் எல்லையில் இருக்கும் இரண்டு சிஸ்கோ ரவுட்டர்கள் வெளியே உள்ள பொது நேர சர்வர்களிடமிருந்து நேரம் வாங்க வேண்டும், தங்களுக்குள் பியராக (சம நிலைத் துணையாக) இருந்து ஒன்றையொன்று தாங்க வேண்டும், கிளை ரவுட்டர்கள் எல்லாம் இந்த இரண்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், நடுவில் கீ (ரகசியச் சொல்) வைத்து, நேரம் சொல்வது நம் ரவுட்டர்தானா என்று சரிபார்க்கும் அங்கீகாரம் இருக்க வேண்டும். வேலை முடிந்ததாகக் கொடுத்த அறிக்கையில் இவை எல்லாமே இருந்தன. கூடவே 'ஷோ என்டிபி ஸ்டேட்டஸ்' கட்டளையின் ஸ்கிரீன்ஷாட். முதல் வரியே 'க்ளாக் இஸ் சிங்க்ரனைஸ்டு', அதாவது கடிகாரம் நேரத்தோடு பொருந்திவிட்டது, சிங்க் ஆகிவிட்டது. பணம் போய்விட்டது.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு கிளையின் விபிஎன் (இணையம் வழியே கிளையைத் தலைமையோடு இணைக்கும் பாதுகாப்பான தொடர்பு) சான்றிதழைப் புதுப்பித்தோம். டனல், அதாவது அந்தத் தொடர்பு, எழவில்லை. தலைமை ரவுட்டரின் லாகில் (நிகழ்வுப் பதிவில்), சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று ஒரு வரி. அவர்களைக் கூப்பிட்டால் லைன் பிரச்சினை என்றார்கள், சற்று நேரத்தில் டனல் தானாக எழுந்தது, 'சரி செய்துவிட்டோம்' என்று அதற்கும் ஒரு பில் அனுப்பினார்கள். அவர்கள் எதையும் தொடவில்லை. எங்கள் ரவுட்டரின் கடிகாரம் சில நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, சான்றிதழ் தொடங்கும் நேரத்தை அது எட்டியதும் டனல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சிங்க் ஆன கடிகாரம் எப்படிப் பின்னால் ஓடும் என்று சந்தேகப்பட்டு ரவுட்டர் யாரிடமெல்லாம் நேரம் கேட்கிறது என்று காட்டும் 'ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்' கட்டளையை அடித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அறிக்கையில் சொன்ன வெளி சர்வர்களின் முகவரிகள் எல்லாம் வரிசையாக இருந்தன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் எதிரே ரெஃப் கிளாக் இடத்தில் 'இனிட்', ஸ்ட்ராட்டம் 16, ரீச் 0. அதாவது ஒரு பதில்கூட வரவில்லை. ஸ்ட்ராட்டம் என்பது அசல் நேர மூலத்திலிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறது என்பது, 16 என்றால் சிங்க் ஆகாத கடிகாரம் என்று அர்த்தம். எந்த மூலத்தைப் பின்பற்றுகிறது என்று காட்டும் நட்சத்திரக் குறி கீழே ஒரே ஒரு வரியில்: 127.127.1.1. அது வெளியே இருக்கும் எந்த சர்வரும் இல்லை, ரவுட்டரின் சொந்தக் கடிகாரம்.

நடந்தது இதுதான். ஃபயர்வாலில் யுடிபி 123 (என்டிபி போய்வரும் போர்ட்) அடைபட்டிருந்தது. அதைத் திறக்கச் சொல்லி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். கேட்காமல் முதல் ரவுட்டரில் 'என்டிபி மாஸ்டர்' என்று ஒரு வரி போட்டு, நேரத்தைக் கையால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வரி போட்டவுடன் ரவுட்டர் தன்னையே நம்பி, தான் ஸ்ட்ராட்டம் 8 என்று அறிவித்துக்கொள்ளும். இரண்டாவது ரவுட்டர் அதைப் பார்த்து 9, கிளைகள் எதிலிருந்து எடுக்கின்றன என்பதைப் பொறுத்து 9 அல்லது 10. எல்லா ரவுட்டரிலும் ஒரே நேரம், எல்லாமே 'சிங்க்ரனைஸ்டு', எல்லாமே சேர்ந்து தப்பு.

எனக்கு இதில் மிகவும் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளமான ஐஓஎஸ் இயல்பாகவே நம்மை எச்சரிக்கும், நேரம் நம்பகமில்லை என்றால் லாகில் நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடும், என்டிபி தொடர்பு அறுந்தால் ஒரு புள்ளி வைக்கும். 'என்டிபி மாஸ்டர்' போட்டதும் அந்தக் குறிகளும் போய்விட்டன. அதனால் அத்தனை மாத லாகும் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஒரு வரியின் நேரத்தையும் நம்ப முடியாது. சர்வர் லாகோடு வைத்துப் பார்த்தால், முதலில் நடந்தது எது, பின்னால் நடந்தது எது என்றே சொல்ல முடியவில்லை. விலகலும் ஒரே அளவாக இல்லை, நாளாக நாளாகக் கூடிக்கொண்டே போயிருக்கிறது, எனவே மொத்தமாக ஒரு எண்ணைக் கூட்டிச் சரிசெய்யவும் வழியில்லை.

அங்கீகாரம்? கீ எழுதியிருந்தது, 'என்டிபி ஆதென்டிகேட்' வரியும் இருந்தது. ஆனால் சர்வர், பியர் வரிகளின் கடைசியில் எந்தக் கீ என்று சொல்லவே இல்லை. அப்படி விட்டால் அந்தத் தொடர்புகளில் எதுவும் சரிபார்க்கப்படாது. 'அசோசியேஷன்ஸ் டீடெயில்' பார்த்தால் 'ஆதென்டிகேட்டட்' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

புகார் சொன்ன பிறகு அவர்கள் செய்த திருத்தம் அதைவிட மோசம். ஃபயர்வாலில் யுடிபி 123-ஐ எங்கிருந்தும் எங்கேயும் போகலாம் என்று திறந்துவிட்டார்கள். உள்ளே எங்காவது பழைய என்டிபி மென்பொருள் ஓடினால், மான்லிஸ்ட் என்ற ஒரு சின்னக் கேள்விக்கு 600 முகவரிகள் வரை பதிலாகக் கொட்டும். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டு அந்தப் பதிலை வேறொருவர் தலையில் திருப்பிவிடுவார்கள், 2014-ல் நடந்த பெரிய தாக்குதல்கள் இப்படி வந்தவைதான். நமக்குத் தேவை நம் இரண்டு ரவுட்டர்கள் வெளியே கேட்பதும் அதற்குரிய பதில் திரும்பி வருவதும் மட்டும்.

கடைசியில் நாங்களே உட்கார்ந்து சரிசெய்தோம். வெளியே நான்கு சர்வர்கள் வைத்தோம். இரண்டு மட்டும் இருந்து அவை முரண்பட்டால் எது சரி என்று ரவுட்டரால் தீர்மானிக்க முடியாது, நான்கு இருந்தால் ஒன்று கெட்டாலும் தாங்கும். 'என்டிபி மாஸ்டர்' வரியை எடுத்தோம், நம் ரவுட்டர்களுக்கு இடையிலான ஒவ்வொரு சர்வர், பியர் வரியிலும் கீயைச் சேர்த்தோம், யார் கேட்கலாம் என்று அக்சஸ் குரூப்பில் கட்டினோம். கொஞ்ச நேரத்தில் ரீச் 377-க்கு ஏறியது. அது எட்டு பிட் எண், ஆக்டலில் (எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில்) காட்டுவார்கள், 377 என்றால் கடைசி எட்டு முறை கேட்டதற்கும் பதில் வந்திருக்கிறது.

இந்த வேலையை வெளியே கொடுத்திருந்தால், இன்றைக்கே ஒருமுறை 'அசோசியேஷன்ஸ்' அடித்துப் பாருங்கள். நட்சத்திரக் குறி எந்த முகவரிக்கு முன்னால் இருக்கிறது? 127.127 என்று தொடங்கினால், வெளி சர்வர் வரிகளின் ரீச்சும் 0 என்றால், உங்களுக்கும் இதே கதிதான். ஸ்டேட்டஸ் படத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள், உங்கள் கண்முன்னே லாகின் செய்து அசோசியேஷன்ஸ், டீடெயில் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள், மறுநாள் இன்னொருமுறை நீங்களே பாருங்கள், கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வையுங்கள். டனலைச் 'சரிசெய்த' பில்லை நாங்கள் கட்டவில்லை. என்டிபி வேலைக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.