வாக்ஸ் ஏசி30 சி2: பெயரில்தான் ஏசி, உள்ளே அடுப்பு

யார்ட்பேர்ட்ஸ் ராக் குழுவில் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் இருந்தபோதும், 1965இல் அவர் விலகி ஜெஃப் பெக் வந்தபோதும் மேடையில் நின்றது வாக்ஸ் ஏசி30 என்ற கிதார் ஆம்ப்தான் (ஒலிபெருக்கி). கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன எல்பிகோ ஆம்பின் ஸ்பீக்கர் கோனை ரேசர் பிளேடால் கீறி, அதை ஏசி30க்குள் செருகித்தான் 1964இல் அந்தக் கிழிந்த ஒலியைப் பிடித்தார். அதே ஒலிக்காக இன்று சி2 மாடலை வாங்குபவர்கள் பலர் முதல் வாரமே ஏமாந்துபோகிறார்கள். குற்றம் பெரும்பாலும் ஆம்பில் இல்லை, மொத்த ஒலியளவைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூமில்.

அந்தக் கரகரப்பு, கிதார் சிக்னலை முதலில் பெருக்கும் முன்வரிசை வால்வுகளில் மட்டும் பிறப்பதல்ல. ஸ்பீக்கரை இயக்கும் நான்கு இஎல்84 பவர் வால்வுகளும் மூச்சுமுட்ட வேலை செய்யும்போதுதான் முழுதாக வரும். இந்த வடிவமைப்பில் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டுக் கரகரப்பை அடக்கும் முறை) கிடையாது. அதனால் சுத்தமான ஒலி எங்கே முடிந்தது, கரகரப்பு எங்கே தொடங்கியது என்று காதுக்குப் பிடிபடாது. மெல்ல மீட்டினால் மணி, ஓங்கி அடித்தால் உறுமல். மாஸ்டரைக் குறைத்து சேனல் வால்யூமை (அந்தந்த உள்ளீட்டுப் பாதையின் ஒலியளவை) ஏற்றினால் பவர் வால்வுகள் தூங்கிவிடும். மிஞ்சுவது டப்பாவுக்குள் சிக்கிய வண்டின் ரீங்காரம்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் மாஸ்டரை முழுக்கத் திறந்து, சேனல் வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். டாப் பூஸ்ட் என்ற கூர்மையான சேனலில் ட்ரெபிள் (மேல் ஒலி), பேஸ் (கீழ் ஒலி) இரண்டையும் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். இரண்டையும் முழுக்க ஏற்றினால் நடு ஸ்வரங்கள் குழிவிழுந்து, தனியே வாசிக்கையில் ஜொலிக்கும் கிதார், டிரம்ஸும் பேஸ் கிதாரும் சேர்ந்ததும் காணாமல் போகும். மிட் என்று தனிக் குமிழ் இல்லை, ஆகவே வேறு வழியும் இல்லை. டோன் கட் குமிழ் தலைகீழ்: வலப்பக்கம் திருப்பத் திருப்பக் கூர்மை குறையும். வால்யூமை ஏற்றும்போதெல்லாம் இதையும் கொஞ்சம் ஏற்றினால் டெலிகாஸ்டர் கிதாரின் பிரிட்ஜ் பிக்கப் காதைக் கிழிக்காது. ஹார்மோனிகா மைக்கையும் இதிலேயே செருகுவதானால் மற்றொரு சேனலான நார்மலின் லோ இன்புட்தான் சரி. டாப் பூஸ்டில் ஊளையிடும்.

தனி கிதாருக்கு நார்மல் சேனலின் முன்னால் ஜெர்மேனியம் ட்ரெபிள் பூஸ்டர் (மேல் ஒலியைத் தூக்கும் பெடல்) ஒன்று போதும். பழைய பாணிப் பூஸ்டர்கள் பல பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது மற்ற பெடல்களுக்குத் தலைகீழாகப் பாசிட்டிவ் முனையைத் தரையாகக் கொண்டவை. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இணைத்தால் ஷார்ட் ஆகும். 9 வோல்ட் பேட்டரியே உத்தமம்.

இனி குறைகள். பழைய ஏசி30இல், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வு இருந்தது. ஓங்கி அடித்ததும் மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்து மீளும். ஸ்வரம் அமுங்கி எழும். சி2இல் அந்த இடத்தில் சிலிக்கான் டயோடு. தாக்கம் இறுக்கம், விரலுக்கு அந்தத் துள்ளல் கிடைக்காது. அதுதான் வேண்டுமென்றால் ஹேண்ட் வயர்டு மாடலுக்குப் போக வேண்டும், விலையும் எங்கோ போகும். சி2இன் கிரீன்பேக் ஸ்பீக்கர்கள் நடு ஸ்வரத்தில் தடிப்பானவை. பழைய மினுமினுப்பு ஆல்னிகோ ப்ளூ ஸ்பீக்கரில்தான். அது சி2எக்ஸ் மாடலில் வருகிறது.

அடுப்பு என்றது விளையாட்டுக்கல்ல. கேதோடு பயஸ் (வால்வு தன் ஓய்வுநிலை மின்னோட்டத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் முறை) என்பதால் யாரும் வாசிக்காதபோதும் இஎல்84கள் கிட்டத்தட்ட உச்ச வெப்பத்தில் காய்ந்துகொண்டிருக்கும். பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். பேஸ் தொளதொளத்தால், ஒலி சோர்ந்தால் வால்வு தேய்ந்தது என்று பொருள். நான்கையும் பொருத்தம் பார்த்த ஒரே செட்டாக மாற்றுங்கள், பயஸ் சரிசெய்ய வேண்டியதில்லை. ஒரு வால்வின் உலோகத் தகடே செக்கச்சிவந்தால் அந்த நொடியே அணையுங்கள். விட்டால் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். கணகணவென்று விசித்திர ஒலி வந்தால், பென்சிலின் ரப்பர் முனையால் முன்வரிசை வால்வுகளான இசிசி83களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் எது மணிபோல ஒலிக்கிறதோ அதுதான் குற்றவாளி. சேசிஸைத் திறப்பது மட்டும் மெக்கானிக் வேலை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

எடை 32 கிலோ. மாடிப்படி என்றால் இரண்டு பேர்.

டிரம்மர் இல்லாமல் அறையில் வாசிப்பவருக்கு இது வேண்டாம். பாதி வாட் கொண்ட ஏசி15 வாங்கினால் தீரும் என்பதும் பாதி உண்மைதான்: வாட் பாதியானால் குறைவது வெறும் 3 டெசிபெல். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஓர் அட்டென்யுவேட்டர் (ஆம்பின் சக்தியில் ஒரு பகுதியை உறிஞ்சும் பெட்டி) வைத்தால்தான் அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்கலாம்.